தேடியவர் என்ற கட்டம்

சென்னை அலுவலகத்திலிருந்து நிவேதிதா போன் செய்திருந்தாள். நான் ஓய்வு பெறும்போது எனக்குக் கீழே வந்து சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பெண். இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள்.

"சார், இப்பல்லாம் கீவேர்டே தேவையில்லை. கண்டுபிடிப்பை ஒரு பத்தியா ஒட்டினா மிஷினே உலகம் பூரா தேடி லிஸ்ட் குடுத்துடுது. புதுசா வர்றவங்களுக்கு நீங்கள்லாம் எப்படித் தேடினீங்கன்னே தெரியலை. உங்களோட பெஸ்ட் தேடல் எதுன்னு எழுதிக் குடுங்க சார், பயிற்சிப் புத்தகத்துல போடறோம்" என்றாள்.

எது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

என் தொழில் என்ன என்பதை ஆரணியில் ஒருவருக்கும் நான் சரியாகப் புரிய வைத்ததில்லை. பேட்டன்ட் ஆபீஸ் என்றால் பத்திர ஆபீஸ் என்று எடுத்துக்கொண்டு, மனைக்கு வில்லங்கம் பார்த்துத் தரமுடியுமா என்று கேட்பார்கள். யோசித்தால் அதுவும் பெரிய தப்பில்லை. நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல் நாங்கள் கண்டுபிடிப்புக்குப் பார்த்தோம். ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து காப்புரிமை கேட்டால், அவர் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அது உலகத்தில் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. வெளியாகியிருக்கிறதா என்று கணினி முன் உட்கார்ந்து தேடுவதுதான் வேலை. அப்பா களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா பூங்காவனம் ஆரணி நெசவுத் தெருக்களில் வீடு வீடாகப் போய் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க் குச்சிக்கு நூல் சுற்றினாள். நான் பௌதிகம் படித்துவிட்டு, விளம்பரம் பார்த்து, ஒரு காப்புரிமை வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்து, இருபத்தைந்து வருஷம் அங்கேயே தேய்ந்தேன்.

என்னைத் தேய்த்தவர் வசந்தா மேடம். குரலை உயர்த்தியே பேச மாட்டார். வெந்நீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். வந்தது தெரியாது. "குடையைத் தேடணும்னா என்ன அடிப்பீங்க?" என்று முதல் நாளே கேட்டார். "குடை" என்றேன். சிரிக்கவில்லை. குடைக்குக் காப்புரிமை கேட்கிற வக்கீல் ஒருத்தராவது குடை என்று எழுதுவாரா, எழுதினால் அந்தப் பெயருக்குள்ளேயே மாட்டிக்கொள்வாரே என்றார். மடக்கக்கூடிய மறைப்பு என்று எழுதியிருப்பார்கள், கையில் ஏந்தும் கூரை என்று எழுதியிருப்பார்கள். பொருளின் பெயரை மறந்துவிட்டு அது என்ன செய்கிறது, எதோடு சேர்ந்திருக்கிறது, எதற்குப் பதிலாக வந்திருக்கிறது என்று மூன்று பத்தியாகச் சொற்களை எழுதச் சொல்வார். பிறகு ஒரு பத்திச் சொல்லை இன்னொரு பத்திச் சொல்லோடு சேர்த்துச் சேர்த்து அடிக்க வேண்டும். சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக் குறி போட வேண்டும். அது முடிந்தால், சொல்லே இல்லாமல் வகைப்பாட்டு எண்ணை மட்டும் வைத்து, நெசவென்றால் நெசவுக் கட்டு முழுவதையும் படம் படமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு படம் பார்த்திருக்கிறேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டும்.

அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. முதலாவது, தேடல் பதிவேடு. ஐந்து கட்டம். என்ன அடித்தீர்கள், எங்கே அடித்தீர்கள், என்றைக்கு, எத்தனை வந்தது, தேடியவர் யார். "அடிச்சது அடிச்ச மாதிரியே இருக்கணும். பின்னாடி அழகு பண்ணக் கூடாது" என்பார். தப்பாக அடித்து ஒன்றுமே வராமல் போனதைக்கூட எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் முழுப் பெயர் கிடையாது, இரண்டு எழுத்துப் போதும். நான் எம்.எஸ்.

இரண்டாவது சட்டம் ஒரு கேள்வி. எதுவும் கிடைக்கவில்லை என்று போய் நின்றால், வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க தேடலை?" என்று கேட்பார். எங்கெல்லாம் தேடினேன் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "அது பதிவேட்டுல இருக்கு. எங்க தேடலை?" இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்குக் கடைசிவரை வரவில்லை. வந்திருக்கலாம். ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம்.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது. தறி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி எங்கள் கட்சிக்காரர். வேறு யாரோ கேட்டிருக்கும் காப்புரிமையைத் தரக் கூடாது என்று அவர்கள் ஆட்சேபம் போடப் போகிறார்கள். அதற்கு ஆதாரம் தேட வேண்டும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஏகாம்பரம், நெசவாளர், ஆரணி என்றிருந்தது. தெருவின் பெயரும் இருந்தது. அம்மா தார் சுற்றப் போன தெரு.

பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் வருவதைக் கோர்வை என்பார்கள். குறுக்கே ஓடும் இரண்டு நிற ஊடை நூலும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவருக்கு இரண்டு கைதான். அதனால் வலப்பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கரைக்கான நாடாவை மட்டும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். கரைக்கு உட்காருவது என்பார்கள். பெரும்பாலும் மனைவிதான். ஏகாம்பரம் செய்தது ஒரு சின்ன மரப்பெட்டி. அதைத் தறியின் வலது ஓரத்தில் பூட்டி, சைக்கிள் பிரேக் ஒயர் ஒன்றை அதிலிருந்து இழுத்து மிதியில் கட்டியிருந்தார். காலால் மிதித்தால் கரை நாடா தானாகப் போய்வரும். படத்தைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. என்ன மூளை என்று வாய்விட்டே சொன்னேன்.

மேடத்திடம் போனேன். "இது எங்க ஊர்க்காரர் மேடம். வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்களேன்."

"சொந்தமா?"

"இல்லைங்க."

"பழக்கமா?"

"பார்த்ததுகூட இல்லைங்க."

"அப்ப உங்களைவிட யாருக்கு இது புரியும் சிவலிங்கம்?" என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போய்விட்டார்.

இரண்டு வாரம் தேடினேன். ஜப்பான், ஜெர்மனி, சீனம், நம் ஊர் என்று எல்லாக் காப்புரிமைத் தளங்களிலும் அடித்தேன். துணை ஊடை, ஓரப் பகுதி, கூடுதல் நாடா, மிதி இயக்கம் என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நெசவுக் கட்டைப் படம் படமாகத் தள்ளினேன். பக்கத்தில் வருகிறமாதிரி சில வந்தன, எதுவும் அந்தப் பெட்டி இல்லை. உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றாதது ஆரணியில் ஒரு நெசவாளிக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மேடத்திடம் போய் நின்றேன். பதிவேட்டைப் புரட்டினார். நூற்றுக்கும் மேல் வரி இருந்தது. மூடி வைத்துவிட்டு, "எங்க தேடலை?" என்றார்.

"தமிழ்ல தேடலை மேடம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? இன்றுவரை எனக்கே பதில் தெரியவில்லை. எல்லாம் தேடியாயிற்று என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். காப்புரிமைத் தளங்களில் தமிழ் ஏது என்று அவருக்கும் தெரியும். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. தேடித் தேடிப் பழகினவனுக்குத் தேடாத இடம் ஒன்று இருந்தால் நமநமவென்று அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் திறமை என்று நினைத்து அத்தனை வருஷம் மார்தட்டியிருக்கிறேன்.

என் நாற்காலிக்குத் திரும்பி வந்து, சாதாரணத் தேடுபெட்டியைத் திறந்தேன். புத்தகச் சொல் எதுவும் போடவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ அப்படியே அடித்தேன். கரைக்கு ஆள் இல்லாம கோர்வ தறி ஆரணி.

ஒரு வீடியோ வந்தது. மூன்று நிமிஷம் சொச்சம். பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஏகாம்பரம் விண்ணப்பம் போட்ட நாளுக்கு ஐந்து மாதம் முந்தையது.

அந்தத் தெருவில் தறியில் புதிதாக எதைப் பூட்டினாலும் மூடி வைத்துக்கொண்டு பூட்ட மாட்டார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, தெருவைக் கூப்பிட்டு, தேங்காய் உடைத்து, எதிர் வீட்டுக்காரரை விட்டு முதல் மிதி மிதிக்கச் சொல்வார்கள். யாருக்கும் காட்டாமல் நெய்தால் அந்தத் தறி விளங்காது என்பது அவர்கள் எண்ணம். எதிர் வீட்டு தட்சிணாமூர்த்தி, அவரும் நெசவாளிதான், ஒரு கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டே முதல் மிதி மிதித்திருக்கிறார். படம் ஒரு குலுக்குக் குலுங்குகிறது. நாடா தானாகப் போகிறது. தெருவே கைதட்டுகிறது. பெட்டியை எல்லாரும் பார்க்கட்டும் என்று அவர் கிட்டே போய் நிதானமாக எடுத்திருக்கிறார். ஒயர், முடிச்சு, மிதி எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கடைசியில் போனைத் திருப்புகிறார். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கை இரண்டும் மடியில்.

"இன்னாக்கா, உனக்கு வேல பூட்ச்சே!" என்று தட்சிணாமூர்த்தி கிண்டல் செய்கிறார்.

"போவட்டும்பா. இந்தத் தோளு போயி எத்தினி வருசம் ஆவுது" என்று சொல்லிச் சிரிக்கிறார் சரோஜா.

அதைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஜையைத் தட்டி, "கெடச்சிருச்சு!" என்று கத்தினேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எழுந்து வந்து கைகுலுக்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடாத குறை. அரை மணி நேரம் கழித்துத்தான், என்ன கிடைத்திருக்கிறது என்பது மண்டையில் ஏறியது. சொந்த ஊர்ப் பூஜையில் எடுத்த படமாக இருந்தாலும், விண்ணப்பத்துக்கு முன்னால் ஊர் பார்க்க வெளியிட்டால் சட்டத்துக்கு அது பழசு. ஏகாம்பரம் தன் கண்டுபிடிப்பைத் தானே பழசாக்கிவிட்டார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் இதை அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டாலும் அவர், பூஜைதானே போட்டோம் என்றிருப்பார்.

வீடியோவிலிருந்து பதினோரு படம் வெட்டி எடுத்தேன். விண்ணப்பத்தில் கேட்டிருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே ஒரு படம், எந்த நொடி என்ற குறிப்போடு. இது என் கை வேலை, சுத்தமாக இருக்கும். ஒரு படத்தின் ஓரத்தில் சரோஜாவின் முகம் விழுந்திருந்தது. அதை மட்டும் நறுக்கிவிட்டேன். நான் காட்டிய இரக்கம் மொத்தமே அவ்வளவுதான். இந்த வீடியோ எப்படிக் கிடைத்தது என்று கேள்வி வரக்கூடாது என்பதற்காக, பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் மேடம் ஆட்சேபத்தோடு இணைக்கச் சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதை நான் பிரித்துப் படிக்கவில்லை.

ஓய்வு பெற்று ஆரணிக்கே வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது. போன மார்கழியில் ஒரு நாள் காலை, கதவைத் தட்டிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். கையில் துணிக்கடைப் பை.

"பேட்டன்ட் ஆபீசுல இருந்தவரு நீங்கதானுங்களே? நான் ஏகாம்பரம்ங்க. தார் சுத்த வருமே பூங்காவனத்தம்மா, அவங்க புள்ளன்னு டீக்கடையில சொன்னாங்க. எங்க வூட்டுலதாங்க ரொம்ப நாளு சுத்துச்சு அது. எங்கம்மாவுக்கு அவங்கன்னா உசுரு. அதான் தைரியமா வந்துட்டேன்."

உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். ஆட்சேபத்தோடு அவருக்கு வந்த பிரதி. என் காகிதங்கள். என் பதினோரு படங்கள். அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு ஒரு பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பதிவேட்டின் பக்கம். முழுக்க ஆங்கிலம், நடுவில் ஒரே ஒரு வரி தமிழ்.

"இத்தினி காயிதத்துல நான் படிக்க முடிஞ்சது இது ஒண்ணுதாங்க. கரைக்கு ஆள் இல்லாம. மெட்ராசுல கீறவன் இப்பிடி அடிப்பானா? எங்க தெருவுலதான் இப்பிடிச் சொல்லுவாங்க. எவனோ கூட இருந்தவன் சொல்லிக் குடுத்துருக்கான். எவன்னும் எனக்குத் தெரியும்."

"யாருங்க?"

"தச்சணாமூர்த்திதான். வீடியோ அவன் போட்டது. அம்பது பேருகூட சரியா பாக்காத வீடியோ, கம்பெனிக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? இவன் போயி சொல்லாம? முப்பது வருசமா எதிரும் புதிருமா குந்திகினு நெய்யறோம். என் தறியில மொத மிதி மிதிச்சவன் அவன். நாலு வருசமா அவன் மூஞ்சியில நான் முழிக்கறதில்ல."

அவர் விரலை நகர்த்தி அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் வைத்தார்.

"இதுல ரெண்டு எழுத்து கீது பாருங்க. இது தேடுனவன் பேருதானாம், எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு சொல்லுச்சு. எம்.எஸ். இது யாருங்க? ஒங்களுக்குத் தெரியுமா? அவரப் போயி பார்த்து, இத ஒனக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தான்னு ஒரு வார்த்தை கேக்கணும். அவன் பேரத்தான் சொல்லுவாரு. அந்த ஒண்ணு கேட்டுட்டா போதும் எனக்கு."

அந்த மனிதர் கேட்டது அவ்வளவுதான். கண்டுபிடிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு பெயர் கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டு, காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, ஏதோ கூர்ந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். "தெரியலைங்க. அங்க நிறைய பேரு வேலை செய்யறாங்க" என்றேன். இருபத்தைந்து வருஷம் மேடத்திடம் வராத பொய், அம்மாவைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவரிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

"பரவால்லங்க" என்று எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "ஒரு தபா வந்து தறிய பாருங்களேன், ஒங்கம்மா உக்காந்த எடம் இன்னும் அப்பிடியேதான் கீது" என்றார்.

நான்கு நாள் கழித்துப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், சொல்லிவிடலாம் என்றுதான். தறிவீட்டுக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தெருவில் பகலில் தாழ்ப்பாள் போட்ட தறிவீட்டை நான் பார்த்ததே இல்லை. யாரென்று கேட்டுவிட்டுத் திறந்தார். உள்ளே சரோஜா தறியின் வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்தார்.

"பெட்டி எங்க?" என்றேன்.

"ஒடைச்சிட்டேங்க. அந்தக் கம்பெனி பிளாஸ்டிக்குல செஞ்சு இப்ப பஜார்லயே விக்கறான். நான் என்னுதப் போட்டா, அவன் சரக்கப் பாத்து காப்பி அடிச்சேன்னு சொல்லுவாங்க. எனக்கு அது ஆவாது."

சரோஜா நாடாவை நிறுத்தாமலே பேசினார். "நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேங்க. பேரு யாருதா இருந்தா எனக்கு இன்னா, வலிக்கறது எனக்குத்தானே. கேக்கல. நீங்களாவது சொல்லுங்க."

ஏகாம்பரம் தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அம்மா உட்கார்ந்த மூலையைப் பார்த்தபடி நின்றேன். தொண்டைவரை வந்தது. நான் என்ற இரண்டு எழுத்து வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் வெளியே வந்ததும் தாழ்ப்பாள் விழுந்தது.

எதிர் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வீடியோவில் குரலை மட்டும் கேட்டிருந்ததால் பேசின பிறகுதான் தட்சிணாமூர்த்தி என்று தெரிந்தது.

"அவன் ஒங்ககிட்ட எதுனா சொன்னானா சார்? எம் பொண்ணு கல்யாணத்துக்கு நாலு தபா போயி பத்திரிக வச்சேன். வரல. இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறான். பேஜாரா கீது சார். ஒரு வீடியோ போட்டேன், அவ்ளோதான். அவன் பண்ணத நாலு பேரு பாக்கட்டும்னு போட்டேன்."

"அப்படி ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன். இரண்டாவது பொய்.

நிவேதிதா, நீ கேட்டது இதுதான். என் வாழ்நாளில் இதைவிடச் சரியாக நான் எதையும் தேடியதில்லை. உங்கள் மிஷினுக்கு இது கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. கிடைத்திருந்தாலும் அதற்கு ஊர் இல்லை, திரும்பிப் போய் வாழ வேண்டிய தெரு இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதிலிருந்து என்ன சொல்லிக் கொடுப்பாய் என்றும் எனக்குத் தெரியவில்லை. எனக்கே வெறுத்துப்போய்விட்டது. புத்தகத்தில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

இதை எழுதி முடித்ததும் இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். இன்று சாயங்காலம் ஒன்றைத் தட்சிணாமூர்த்தியிடமும் ஒன்றைத் தாழ்ப்பாள் போட்ட எதிர் வீட்டிலும் கொடுக்கப் போகிறேன். உடைத்த பெட்டி ஒட்டாது, சரோஜாவின் தோளுக்கும் இது மருந்தில்லை. நான்கு வருஷத்தையும் ஒரு கல்யாணத்தையும் நான் திருப்பிக் கொடுக்க முடியாது. மேடத்தின் பதிவேட்டில் அரைகுறையாக விட்ட ஒரு வரியைத்தான் முடித்துவைக்க முடியும்.

என்ன அடித்தது: கரைக்கு ஆள் இல்லாம கோர்வ தறி ஆரணி.

எத்தனை வந்தது: ஒன்று.

யாராவது சொல்லிக் கொடுத்தார்களா: இல்லை.

தேடியவர்: மு. சிவலிங்கம், தார் சுற்றிய பூங்காவனத்தின் மகன்.